சோக்கு முதல் பிளக்கு வரை: டியூப்லைட்டை வீட்டு மின்சாரத்தோடு இணைக்கும் முறை

மின்சாரக் காரியங்களில் மனிதரை மிகச் சுலபமாக ஏமாற்றுவது எரிகின்ற விளக்குதான். நான்கு அடி டியூப்லைட் ஒன்றை அதற்குரிய சோக்கு, ஸ்டார்ட்டர், ஹோல்டர்களோடு தகரச் சட்டத்தில் பூட்டி, ஒரு பிளக்கின் வழியாக வீட்டு மின்சாரத்தோடு சேர்க்கும்போது, சோக்கைப் பேஸ் பக்கத்தில் வைத்தாலும் அது எரியும், நியூட்ரல் பக்கத்தில் வைத்தாலும் எரியும். எர்த் ஒயரைப் பூட்டினாலும் எரியும், வேண்டாமென்று கத்தரித்து எறிந்தாலும் எரியும். திருகாணியை இறுக்கி முடித்தாலும் எரியும், ஒயரின் நான்கு இழைகளை மட்டும் ஒட்டுப்போட்டு விட்டாலும் சில மாதங்களாவது எரியும். ஆகையால், வேலை முடிந்து வெளிச்சம் வந்தவுடன் ‘எரிகிறதே, இனி என்ன?’ என்று கையைத் தட்டிக்கொண்டு எழுந்துவிடுகிறவர், பரீட்சை தொடங்குமுன்பே தேர்ச்சி பெற்றதாக எண்ணிக்கொள்கிறார். இணைப்பு சரியானதா என்பதற்கு வெளிச்சம் ஆதாரமாகாது. வேறு ஆதாரங்கள் உண்டு. அவற்றைப் படிப்படியாகச் சொல்வதே இந்த அத்தியாயத்தின் நோக்கம்.

சுவரில் நிரந்தரமாகப் பதிக்கும் விளக்கைப் பற்றி முன்னரே பார்த்துவிட்டோம். இங்கே சொல்லப்போவது, தனக்கென ஒரு நீண்ட ஒயரும் பிளக்கும் உடைய, இடம் மாற்றி வைத்துக்கொள்ளக்கூடிய விளக்கைப் பற்றி. மொட்டை மாடியில் படிக்கும் பிள்ளைக்கும், மாட்டுக் கொட்டிலுக்கும், தறிக்கூடத்தில் ஒரு மூலைக்கும், வாசலில் போடும் பந்தலுக்கும் இத்தகைய விளக்குத் தேவைப்படுகிறது. இவற்றில் பலவும் ஈரத்தரையும் வெறுங்காலும் சேர்கின்ற இடங்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். அதிலும் பந்தல் விளக்குகளில், பிளக்கே இல்லாமல் வெறும் ஒயர் முனைகளைச் சாக்கெட்டுத் துவாரத்தில் செருகித் தீக்குச்சியால் இறுக்கிவைக்கும் பழக்கம் நம் ஊர்களில் இன்னும் ஒழியவில்லை. ஒரு குழந்தையின் கை பட்டால் குச்சி விழுந்து, உயிருள்ள ஒயர் தரையில் கிடக்கும். அதை எடுத்து ஓரமாகப் போட வருகிறவர் யாரோ, அவருடைய பிராணனே அதற்கு விலையாகிவிடும். பிளக்கின் விலையை மிச்சப்படுத்துவதற்காக இப்படிச் செய்வதை எந்தச் சூழ்நிலையிலும் அங்கீகரிக்க முடியாது.

சோக்கு எதற்காக இருக்கிறது என்பதை அறிந்துகொண்டால், அதை எங்கே வைக்க வேண்டும் என்பது தானே விளங்கும். 1938-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்து, பிறகு உலகமெங்கும் பரவிய இந்தக் குழல் விளக்கு, பழைய குண்டு பல்பைப் போன்றதன்று. பல்பின் இழை சூடேறச் சூடேறத் தன் வழியே செல்லும் மின்னோட்டத்தைத் தானே எதிர்த்துக் கட்டுப்படுத்திக்கொள்ளும். குழலுக்குள் இருப்பதோ சிறிதளவு பாதரச ஆவியும் ஆர்கான் போன்றதொரு மந்த வாயுவும். அதன் சுபாவம் நேர் எதிரானது. ஒருமுறை வாயு மின்சாரத்துக்கு வழிவிட்டுவிட்டால், ஓட்டம் அதிகமாக அதிகமாக வழி மேலும் அகலமாகும். வழி அகலமாக அகலமாக ஓட்டம் இன்னும் பெருகும். இறக்கத்தில் இறங்கும் பாரவண்டியை மாடுகள் பின்வாங்கித் தாங்கிக்கொள்ளாவிட்டால் வண்டி எப்படித் தறிகெட்டு ஓடுமோ அப்படித்தான் இதுவும். அந்தத் தாங்கும் வேலையைச் செய்வது, தகட்டு இரும்பின்மீது செப்புக் கம்பி சுற்றிய சோக்கு. 40 வாட் குழல் எரியும்போது அதன் இரு முனைகளுக்கிடையே ஏறக்குறைய 103 வோல்ட்தான் இருக்கும். வீட்டுச் சாக்கெட்டில் வருவதோ 230 வோல்ட். இடைப்பட்ட வித்தியாசத்தைச் சோக்கு ஏற்றுக்கொண்டு, ஓட்டத்தை 0.43 ஆம்பியர் அளவில் நிலைநிறுத்துகிறது. சோக்கை விட்டுவிட்டு நேராக இணைத்துப் பார்ப்போமே என்று யாரேனும் துணிந்தால், ஸ்டார்ட்டர் மூடிய கணத்திலேயே குழலின் இழைகள் கருகிப்போகும், ஃப்யூஸ் அறும், குழல் சிதறவும் கூடும். முகத்துக்கு நேரே கண்ணாடிக் குழலைப் பிடித்துக்கொண்டு செய்யத்தக்க சோதனையன்று அது.

ஸ்டார்ட்டரின் வேலை சில விநாடிகளில் முடிந்துவிடுகிறது என்றாலும் அதன் அமைப்பு வெகு நேர்த்தியானது. அந்தச் சிறிய உருளைக்குள் வாயு நிரப்பிய கண்ணாடிக் குப்பியும், சூடேறினால் வளையும் இரட்டை உலோகப் பட்டையும் இருக்கின்றன. ஸ்விட்சைப் போட்டதும் குப்பி ஒளிர்ந்து பட்டையைச் சூடாக்க, பட்டை வளைந்து வழியை மூட, குழலின் இரு கோடிகளிலுமுள்ள இழைகளில் மின்சாரம் ஓடி அவை செந்நிறமாகக் காய்கின்றன; வழி மூடியதால் குப்பி அணைந்து, பட்டை ஆறி, மறுபடி விலகும்போது, ஓட்டம் திடீரென்று அறுபடுவதைப் பொறாத சோக்கு உயர்ந்த அழுத்தமொன்றை எறிகிறது; அந்த அடியில்தான் குழல் பற்றிக்கொள்கிறது. பற்றிக்கொண்ட பிறகு குழலின் இரு முனைகளுக்கிடையே எஞ்சும் 103 வோல்ட் ஸ்டார்ட்டரை மீண்டும் ஒளிரவைக்கப் போதாது; அது ஓய்ந்திருக்கும்.

இனி, அபாயம் எவ்வளவு என்பதை அளவோடு தெரிந்துகொள்வது நல்லது. ‘சின்ன விளக்குத்தானே, இதிலென்ன ஷாக்கு அடித்துவிடும்?’ என்று நினைப்பவர் பலர். இந்த விளக்கு இழுக்கும் 0.43 ஆம்பியர் என்பது 430 மில்லி ஆம்பியர். மனித தேகத்தின் வழியே 30 மில்லி ஆம்பியர் சற்று நேரம் ஓடினாலே நிலைமை விபரீதமாகிவிடும் என்பதால்தான், வீடுகளில் பொருத்தும் ஆர்.சி.சி.பி. என்னும் காவல் சாதனத்தை அந்த அளவில் அறுபடும்படி செய்திருக்கிறார்கள். சாமான்யமான ஃப்யூஸோ எம்.சி.பி.யோ 5, 6 ஆம்பியருக்கு மேற்பட்டுத்தான் அறும். ஒரு மனிதர் துடித்துக்கொண்டிருக்கும்போது அவர் தேகத்தின் வழியே ஓடும் மின்சாரம் அந்த அளவில் ஒரு சிறு பங்குகூட இராது. ஃப்யூஸ் காப்பது சுவரிலுள்ள ஒயரை. மனிதரைக் காப்பவை எர்த்தும் ஆர்.சி.சி.பி.யுமே. வீட்டில் ஆர்.சி.சி.பி. இல்லையென்றால், புதிய விளக்கு வாங்குவதற்கு முன் அதை வைத்துக்கொள்ளுங்கள் என்றே சொல்வேன்.

சாமான்களைச் சேகரிக்கும்போது ஒவ்வொன்றும் மற்றொன்றுக்குப் பொருத்தமானதா என்று பார்க்க வேண்டும். இரண்டடி 20 வாட் குழலுக்கு 40 வாட் சோக்கை வைத்தால் அதுவும் எரியத்தான் எரியும். ஆனால் தன் இயல்புக்கு மேற்பட்ட ஓட்டத்தைத் தாங்கிச் சீக்கிரமே கறுத்துப்போகும். சோக்கின்மேல் ‘டி.டபிள்யூ. 130’ என்று ஒரு குறி அச்சிட்டிருக்கும். அதன் சுற்றுக்கம்பி 130 டிகிரி வெப்பத்தை ஆண்டுக்கணக்கில் பொறுக்கும்படி செய்யப்பட்டது என்பது அதன் கருத்து. சாதாரண பி.வி.சி. ஒயரின் உறையோ 70 டிகிரிக்கு மேல் நெடுநாள் தாங்காது. ஆகவே சட்டத்துக்குள்ளே செல்லும் ஒயர்கள் சோக்கின் முதுகில் படுத்திராதபடி ஒதுக்கிக் கட்ட வேண்டியது அவசியம். வெளி ஒயராக, மூன்று கோர் உள்ள, மேலே தனி உறை போர்த்திய, 0.75 சதுர மில்லிமீட்டர் வளையும் ஒயரை வாங்க வேண்டும். இரண்டு கோர் முறுக்கு ஒயர் இதற்கு உதவாது. அதில் எர்த்துக்கு இடமில்லை, உறைக்கும் பலமில்லை. நம் நாட்டுப் பழைய வழக்கப்படி சிவப்பு பேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். இப்போது வரும் வளையும் ஒயர்களில் பழுப்பு பேஸ், நீலம் நியூட்ரல், பச்சையில் மஞ்சள் கோடு எர்த். இரண்டு வழக்கங்களும் ஒரே வீட்டில் கலந்திருக்கும் காலம் இது. ஆகையால் நிறத்தை மட்டும் நம்பாமல், ஒயரின் இரு முனைகளையும் மல்டிமீட்டரால் தொடர்பு பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

பிளக்கு உள்ள விளக்கில் ஒரு பெரிய அனுகூலம் உண்டு: முழு வேலையையும் மின்சாரமே இல்லாத நிலையில், கண்ணெதிரே அதை உறுதிசெய்துகொண்டு, நிதானமாகச் செய்யலாம். அந்த அனுகூலத்தைக் கெடுத்துக்கொள்ளாமலிருக்க, பிளக்கைக் கடைசியில் பூட்டுங்கள். முதலிலேயே பூட்டிவிட்டால், நீங்கள் திருப்புளி தேட எழுந்த நேரத்தில் வீட்டிலுள்ள யாராவது நல்லெண்ணத்தோடு அதைச் சாக்கெட்டில் செருகிவிடக்கூடும்.

சோக்கைச் சட்டத்தில் பூட்டுமுன் அதைத் தனியே அளந்துபாருங்கள். அதன் இரு முனைகளுக்கிடையே சில பத்து ஓம் தடை காட்ட வேண்டும். எதுவுமே காட்டாவிட்டால் உள்ளே கம்பி அறுந்திருக்கிறது. தடையே இல்லாததுபோல் காட்டினால் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருக்கின்றன. எந்த முனைக்கும் சோக்கின் உலோக உடலுக்கும் இடையே தொடர்பு காட்டவே கூடாது. காட்டினால், அச்சோக்கு எவ்வளவு புதியதாயினும் கடைக்கே திரும்பட்டும்.

இணைப்பின் ஒழுங்கு இதுதான். வெளியிலிருந்து வரும் பேஸ் ஒயர் முதலில் சோக்கின் ஒரு முனைக்குப் போகிறது. சோக்கின் மறு முனையிலிருந்து ஓர் ஒயர், ஒரு பக்கத்து ஹோல்டரின் ஒரு துவாரத்துக்கு. அதே ஹோல்டரின் அடுத்த துவாரத்திலிருந்து ஸ்டார்ட்டரின் ஒரு முனைக்கு. ஸ்டார்ட்டரின் மறு முனையிலிருந்து எதிர்ப்பக்கத்து ஹோல்டரின் ஒரு துவாரத்துக்கு. அந்த ஹோல்டரில் எஞ்சிய துவாரத்திலிருந்து நியூட்ரலுக்கு. ஸ்விட்ச் ஒன்றை விளக்கிலேயே வைப்பதானால், அதுவும் பேஸ் வழியில், சோக்குக்கு முன்னால் இருக்க வேண்டும். நியூட்ரலில் ஸ்விட்சை வைத்தால், அணைத்த பிறகும் விளக்கு முழுவதும் உயிரோடிருக்கும். இருட்டில் குழல் மங்கலாக மினுக்குவதைச் சிலர் பழைய குழலின் கோளாறு என்று நினைப்பதுண்டு. பலவேளைகளில் அது நியூட்ரலில் வைத்த ஸ்விட்சின் அடையாளம்.

சோக்கு ஏன் பேஸ் பக்கத்திலேயே இருக்க வேண்டும்? இரு பக்கத்திலும் ஓட்டத்தின் அளவு ஒன்றுதானே என்ற கேள்வி நியாயமானது. பழுதில்லாத விளக்கில் வித்தியாசமே இல்லை என்பதும் உண்மை. பழுது வரும்போதுதான் வித்தியாசம் வெளிப்படுகிறது. சோக்கை நியூட்ரல் பக்கம் வைத்திருக்கையில், குழலுக்கும் சோக்குக்கும் இடைப்பட்ட ஒயரின் உறை தேய்ந்து எர்த் செய்த தகரத்தில் பட்டுவிட்டால், மின்சாரம் பேஸிலிருந்து குழல் வழியாக நேரே எர்த்துக்குப் பாய்ந்துவிடும். சோக்கு ஓரமாக ஒதுங்கிவிட, குழலைத் தாங்கிப் பிடிக்க ஒன்றுமில்லாமற்போகும். பேஸ் பக்கத்தில் சோக்கு இருந்தாலோ, அதற்கு அப்பால் எந்த ஒயர் எங்கே உரசினாலும், பாயும் மின்சாரம் சோக்கைக் கடந்துதான் வரவேண்டும். இரண்டு பின் பிளக்கை நான் மறுப்பதற்கும் இதுவே காரணம்: அதை எப்படி வேண்டுமானாலும் திருப்பிச் செருகலாம், இன்று பேஸில் இருக்கும் சோக்கு நாளை நியூட்ரலுக்குப் போய்விடும். மூன்று பின் பிளக்கைத் திருப்பிச் செருக முடியாது.

எர்த் ஒயரைச் சட்டத்தின் தகரத்தில், வண்ணப்பூச்சைச் சுரண்டி உலோகம் பளிச்சென்று தெரியும் இடத்தில், வளையமுனை வைத்துத் திருகாணியும் பல்வாஷரும் கொண்டு இறுக்க வேண்டும். சோக்கின் உடலும் அதே சட்டத்தோடு உலோகத்துக்கு உலோகம் ஒட்டியிருக்க வேண்டும். வண்ணப்பூச்சின்மேல் பூட்டிய எர்த், கண்ணுக்கு எர்த்தாகத் தோன்றுமேயொழியக் காரியத்துக்கு உதவாது. வெளி ஒயர் சட்டத்துக்குள் நுழையும் துவாரத்தின் விளிம்பு கத்தியைப் போன்றது. அங்கே ரப்பர் வளையம் போட்டு, உள்ளே ஒயரை அதன் உறையோடு சேர்த்து ஒரு கவ்வியால் பிடித்துவிட வேண்டும். இடம் மாற்றும் விளக்கை மக்கள் ஒயரைப் பிடித்துத்தான் இழுப்பார்கள். அந்த இழுப்பு கவ்வியோடு நின்றுவிட வேண்டும், இணைப்புத் திருகாணி வரை போகக்கூடாது.

இப்போது பிளக்கு. 6 ஆம்பியர் மூன்று பின் பிளக்கே இதற்குப் போதுமானது. மூடியைக் கழற்றினால் மூன்று திருகு முனைகளும், அவற்றருகே எல், என், ஈ என்ற ஆங்கில எழுத்துகளும் தெரியும்: எல் பேஸுக்கு, என் நியூட்ரலுக்கு, தடித்து நீண்ட பின்னுக்குரிய ஈ எர்த்துக்கு. சாக்கெட்டை நேரே பார்க்கையில் பெரிய துவாரம் மேலேயும் பேஸ் வலப்புறத்திலும் நியூட்ரல் இடப்புறத்திலும் இருப்பது நம் நாட்டு முறை. ஆனால் பிளக்கைக் கையிலெடுத்துப் பின்களின் பக்கமாகப் பார்த்தால் வலமும் இடமும் மாறித் தோன்றும். அதனால் திசையை நம்பாமல் எழுத்தை நம்புவதே உசிதம். ஒயரின் இழைகளை ஒன்றும் சிதறாமல் முறுக்கி, இரட்டையாக மடித்து, துவாரத்தில் செருகித் திருகாணியை இறுக்குங்கள். முனையில் ஈயம் பற்றவைத்தால் உறுதி என்று சிலர் எண்ணுகிறார்கள். ஈயம் அழுத்தத்தில் நாளடைவில் நெகிழ்ந்துகொடுக்கும் உலோகமாகையால், இன்று இறுகிய திருகாணி சில மாதங்களில் தளர்ந்து, தளர்ந்த இடம் சூடேறத் தொடங்கும். எர்த் கோரை மற்ற இரண்டையும்விடச் சற்று நீளமாக விட்டுவைக்க வேண்டும். என்றேனும் ஒயர் பிடுங்கப்பட்டால் பேஸும் நியூட்ரலும் முதலில் கழன்று, எர்த் கடைசியில் கழல வேண்டும் என்பதே அதன் தாத்பரியம். பிளக்கின் கவ்வி உறையின்மேல் பதிய வேண்டும். உரித்த கோர்களின்மேல் பதிந்தால் கவ்வியே அவற்றை நறுக்கிவிடும்.

மின்சாரச் செலவைக் குறைப்பதாகச் சொல்லி, பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே கண்டென்சர் ஒன்றை வைக்கச் சிலர் யோசனை கூறுவதுண்டு. வீட்டு மீட்டரில் இதனால் யாதொரு லாபமும் இல்லை. பிளக்கு உள்ள விளக்கிலோ அபாயம் ஒன்று கூடிவிடுகிறது. சாக்கெட்டிலிருந்து பிடுங்கிய பிறகும் அந்தக் கண்டென்சர் 300 வோல்ட்டுக்கு மேற்பட்ட அழுத்தத்தைத் தன்னுள் வைத்திருக்கக்கூடும். பிளக்கின் பின்களை விரல் தொட்டால் அடி விழும். அதன் குறுக்கே தேக்கத்தை வடித்துவிடும் தடை இல்லாவிட்டால் அதைச் சேர்க்கவே வேண்டாம். எலெக்ட்ரானிக் சோக்கு வேறு ஜாதி: அதற்கு ஸ்டார்ட்டர் கிடையாது, அதன் நான்கு வெளியீட்டு ஒயர்களும் நேரே நான்கு ஹோல்டர் துவாரங்களுக்குப் போகும், மேலே ஒட்டியுள்ள படத்தைப் பார்த்துச் செய்யுங்கள், செப்புச் சோக்கின் ஒழுங்கை அதற்குப் பொருத்தாதீர்கள்.

எல்லாம் பூட்டியாயிற்று. குழலும் ஸ்டார்ட்டரும் இன்னும் வெளியே இருக்கட்டும். மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பிளக்கின் எர்த் பின்னிலும் மறு முனையைத் தகரச் சட்டத்திலும் வையுங்கள். தடை ஏறக்குறைய இல்லாததாகக் காட்ட வேண்டும். எர்த் பின்னுக்கும் மற்ற இரு பின்களுக்கும் இடையே தொடர்பு காட்டக்கூடாது. பேஸ் பின்னுக்கும் சோக்கின் நுழைமுனைக்கும் இடையே தொடர்பு காட்ட வேண்டும். ஒயரை அசைத்தும் லேசாக இழுத்தும் இதே சோதனைகளை மறுபடி செய்யுங்கள். வெளிச்சம் தராத ஆதாரங்கள் இவைதான்.

விளக்கின் எர்த் சரியாயிருந்தும் சாக்கெட்டில் எர்த் இல்லையென்றால் அத்தனை உழைப்பும் வீண். சாக்கெட்டின் பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே டெஸ்ட் லாம்பைப் பிடித்துப் பார்க்கும் வழக்கத்தை நீங்கள் மேற்கொள்ள வேண்டாம். எர்த் எங்கேனும் அறுந்திருந்தால், அந்த லாம்பின் வழியாகப் பேஸ் உள்ளே நுழைந்து, அதே எர்த்தைச் சார்ந்திருக்கும் குளிர்சாதனப் பெட்டி, மோட்டார், கிரைண்டர் ஆகிய எல்லாவற்றின் வெளி உடலையும் உயிருள்ளதாக்கிவிடும். அடுக்களையில் கிரைண்டரைத் தொட்டுக்கொண்டிருப்பவருக்கு இது தெரியாது. அந்தச் சோதனையை, அதற்குரிய கருவியோடு வரும் உரிமம் பெற்ற மின்பணியாளரிடம் விட்டுவிடுங்கள்.

பிறகு குழலையும் ஸ்டார்ட்டரையும் பொருத்தி, உலர்ந்த தரையில், ரப்பர் செருப்போடு, சாக்கெட்டின் ஸ்விட்ச் அணைந்திருக்கும்போது பிளக்கைச் செருகி, பின்னர் ஸ்விட்சைப் போடுங்கள். பிளக்கைச் செருகும்போதும் பிடுங்கும்போதும் ஸ்விட்ச் அணைந்தேயிருக்க வேண்டும். எரியத் தொடங்கிய விளக்கை உடனே மேலே மாட்டிவிடாமல், முழுதாக ஒரு மணி நேரம் கண்முன் எரியவிட்டு, அணைத்து, பிளக்கைப் பிடுங்கிய பின் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். இவ்வளவு சிறிய ஓட்டத்துக்குப் பிளக்கு சூடாகவே கூடாது. சூடாயிருந்தால் உள்ளே ஒரு திருகாணி தளர்ந்திருக்கிறது, அல்லது சாக்கெட்டின் பித்தளை நாக்கு விரிந்துவிட்டது. சோக்கு சூடாயிருப்பது இயல்பு. கருகிய வாடையும் தார் போன்ற கசிவும் இயல்பல்ல.

நாளடைவில் குழல் மினுக்கி மினுக்கி எரியாமல் தவித்தாலோ, இரு கோடிகள் மட்டும் செந்நிறமாக ஒளிர்ந்துகொண்டே நின்றாலோ, அதை அப்படியே விட்டுவிட்டு உறங்கப் போகாதீர்கள். கோடிகள் மட்டும் ஒளிர்வது ஸ்டார்ட்டர் உள்ளே ஒட்டிக்கொண்டதன் குறி. அந்நிலையில் சோக்கு, குழல் எரியும்போது தாங்குவதைவிட அதிகமான மின்னோட்டத்தை இரவு முழுவதும் தாங்கிக் காய்ந்துகொண்டிருக்கும். ஸ்விட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கி, ஸ்டார்ட்டரை மாற்றுங்கள். மாற்றியும் மினுக்கினால் குழலை மாற்றுங்கள். கழற்றிய குழலில் சில மில்லிகிராம் பாதரசம் இருக்கிறது. குப்பைத்தொட்டியில் உடைத்துப் போடாமல், அட்டைச் சுருளில் நுழைத்துக் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைத்து, மின்கழிவு சேகரிப்பவரிடம் கொடுங்கள். கைதவறி உடைந்துவிட்டால், சன்னல்களைத் திறந்து அறையை விட்டுச் சற்று நேரம் விலகியிருந்து, பின்பு விளக்குமாற்றால் பெருக்காமல், கெட்டிக் காகிதத்தாலும் ஈரத்துணியாலும் துண்டுகளைச் சேர்த்தெடுத்து மூடியுள்ள பாத்திரத்தில் போடுங்கள்.